ஆளுக்கு ஒரு சாவி

அக்கா,

கீழ் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வருகிறார்கள் என்று உங்கள் பிள்ளை ஜெரோம் போனில் சொல்லியிருந்தான். அதற்காக இன்று காலை உங்கள் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தேன். அடித்தட்டில், பழைய ரவிக்கைத் துணிகளுக்கு நடுவே, நீங்கள் பின்னிய அந்த வெள்ளை உறை கையில் வந்தது. அது டி.வி.க்குப் பின்னியதல்ல, தலையணைக்கும் அல்ல. ரௌட்டருக்கு! ஆன்டெனா வெளியே வர இரண்டு ஓட்டை, விளிம்பில் சின்னச் சின்னப் பூ. வைஃபை பெட்டிக்கு உறை பின்னிப் போட்ட ஆள் கடலூரிலேயே நீங்கள் ஒருவர்தான் இருந்திருப்பீர்கள். "சூடாயிடும்க்கா, எடுத்துடுங்க" என்று நான் சொன்னபோது, "காத்து போவத்தானே ஓட்ட ஓட்டயா பின்னியிருக்கேன்" என்றீர்கள். முகத்தருகே வைத்துப் பார்த்தேன். தையல் மெஷின் எண்ணெயும் அந்துருண்டையும் கலந்த உங்கள் வாசனை இன்னும் போகவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அலமாரி பாதியில் நிற்கிறது.

ஆபீஸ் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று சொல்லிவிட்டதால், நான் சென்னையை விட்டு மஞ்சக்குப்பத்தில் உங்கள் மாடிக்குக் குடிவந்த முதல் வாரம் நினைவிருக்கிறதா? நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டீர்கள். கம்பெனியின் நெட்வொர்க்குக்குள் திருடன் நுழையாமல் பார்த்துக்கொள்ளும் வேலை என்றேன்.

"அப்ப வாட்ச்மேன் வேலன்னு சொல்லு."

"ஆமாக்கா, உக்காந்த எடத்துலேர்ந்து பாக்கற வாட்ச்மேன்."

"தூங்கிடாதம்மா" என்று சொல்லிவிட்டு மெஷினை மிதிக்க ஆரம்பித்தீர்கள். அன்றிலிருந்து தெருவில் என்னை எல்லாரிடமும் 'கம்ப்யூட்டர் வாட்ச்மேன்' என்றே அறிமுகம் செய்தீர்கள்.

பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்த காலம் அது. துபாயில் இருந்த உங்கள் மூத்த மகன், தினமும் முகம் பார்த்துப் பேசுவதற்காக உங்களுக்கு நெட் இணைப்பு போட்டுக் கொடுத்திருந்தார். நம் சந்தில் அப்போது வேறு யார் வீட்டிலும் அது இல்லை. ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்த பெண்கள் எல்லாம் ஒரே புலம்பல்தான். போனில் பிள்ளைக்கு வகுப்பு பாதி ஓடும்போதே நெட் தீர்ந்துபோகிறது என்றார்கள். கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். ஒருநாள் காலையில் பார்த்தால் வாசல் கேட்டில் ஓர் அட்டை தொங்கியது. வைஃபையின் பெயர், கீழே பாஸ்வேர்டு, இரண்டும் கொட்டை எழுத்தில். மதியத்துக்குள் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, பாதாம் மர நிழலில், சந்துப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் பாய் விரித்துக் கொடுத்திருந்தீர்கள். மாடியிலிருந்து பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஆனால் அந்த அட்டையை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை.

இறங்கி வந்து சொன்னேன். "அக்கா, பாஸ்வேர்ட கேட்டுல தொங்க வுடலாமா?"

"பின்ன, ஒவ்வொருத்தரும் கதவ தட்டிக் கேக்கணுமா? மெஷின்ல உக்காந்தா எனக்கு எழுந்துக்க முடியல."

"யாரு வேணும்னாலும் உள்ள வந்துடலாம்க்கா."

"யாரு வரப்போறாங்க, நம்ம புள்ளைங்கதானே?"

வைஃபை அலைக்குச் சுவர் தெரியாது, ரோட்டில் வண்டியை நிறுத்திக்கொண்டு நிற்பவனுக்கும் அது கிடைக்கும் என்றேன். போதாக்குறைக்கு, ரௌட்டருக்குள்ளேயே போய் அமைப்பை மாற்றுவதற்கு வேறொரு பாஸ்வேர்டு இருக்கிறது, அதுவும் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிறது, ஊரில் பாதிப் பேருக்கு அது தெரியும் என்றேன். பொறுமையாகக் கேட்டீர்கள். "நீ சொல்றது புரியுது. ஆனா அதோ அந்தப் பொண்ணுக்கு இப்ப கணக்கு கிளாஸ் ஓடுது. முடியட்டும்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்ச் சொம்போடு வெளியே போய்விட்டீர்கள். உங்களிடம் அதற்குமேல் எப்படிப் பேசுவது? சிரித்துக்கொண்டே மாடி ஏறினேன்.

பள்ளிகள் திறந்தபிறகும் பிள்ளைகள் மாலையில் வந்துகொண்டிருந்தார்கள். அட்டையும் கேட்டில் இருந்தது. அப்படியிருக்கும்போதுதான் ஒரு சனிக்கிழமை மதியம் கீழே மெஷின் சத்தம் பாதித் தையலில் நின்றது. நான் இறங்கி வந்தபோது, சைபர் கிரைம் பிரிவிலிருந்து வந்த பெண் சப்-இன்ஸ்பெக்டர் உங்கள் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். சிதம்பரத்தில் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்த உங்கள் இளையவன் ஜெரோம், வாரக் கடைசி என்று வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அந்த அம்மா மரியாதையாகத்தான் பேசினார். இரண்டு தெரு தள்ளி இருக்கும் சுகன்யா என்ற பள்ளி ஆசிரியையின் பெயரில் யாரோ ஒரு பொய்க் கணக்கைத் தொடங்கியிருக்கிறார்கள். அவள் படத்தை எடுத்து, அசிங்கமாக மாற்றி, அவளிடம் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கே அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கணக்கு தொடங்கப்பட்ட இணைப்பு உங்கள் வீட்டுடையது. "வூட்ல ஆம்பளைங்க யாரு?" என்று கேட்டார். ஜெரோமின் போனையும் லேப்டாப்பையும் எழுதி வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை விசாரணைக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரம்தான் அவனுக்குப் பரீட்சை தொடங்க இருந்தது.

அடுத்து நீங்கள் செய்ததை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். நீங்கள் அழவில்லை, கத்தவும் இல்லை. கையில் சோறு காய்ந்துபோய் உட்கார்ந்திருந்த மகனுக்கு எதிரே போய்த் தரையில் உட்கார்ந்தீர்கள்.

"ஜெரோம், என் மூஞ்ச பாரு. நீயாடா?"

"இல்லம்மா."

"சரி. கைய கழுவு."

பிறகு என்னிடம் திரும்பினீர்கள். "ஒரு தடவ கேட்டாச்சி. இனிமே கேக்க மாட்டேன். இப்ப நீ சொல்லு கவிதா, இன்னா செய்யணும்?"

முதலில் போய் அட்டையைக் கழற்றினீர்கள். அன்று மாலை ஒரு பிள்ளையும் வரவில்லை. செய்தி நமக்கு முன்னால் தெருவுக்குப் போய்விட்டிருந்தது. ரவிக்கை கொடுத்திருந்தவர்கள், தைத்ததோ தைக்காததோ, யாரையாவது அனுப்பி வாங்கிக்கொண்டார்கள். "சிதம்பரத்துல படிக்கிறேன்னு சொல்லிகினு இதான் செய்றானா?" என்று கேட்டுக்கு வெளியே யாரோ சொன்னது உங்கள் காதிலும் விழுந்தது. ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தீர்கள். நூல் மறுபடி மறுபடி விலகிப் போனது.

நான் ரௌட்டரைத் திறந்து பார்த்தேன். வீட்டு ரௌட்டர் அதிகம் நினைவு வைத்துக்கொள்ளாது. கரண்ட் போய் வந்தால் எல்லாவற்றையும் மறந்துவிடும். அந்த நாளைப் பற்றி அதில் ஒன்றும் மிச்சமில்லை. இருந்திருந்தாலும் வெறும் போன் மாடல் பெயர்கள்தான் இருந்திருக்கும். "ஒரே சாவிய தெருவே வெச்சிருக்குதுக்கா. யாரு தொறந்தாங்கன்னு கண்டுபுடிக்க முடியாது" என்று சொன்னேன். உங்கள் முகத்தில் பயத்தை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன். மகன் செய்யவில்லை என்று உங்களுக்குத் தெரியும். அதை எப்படிக் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

அந்தக் கணக்கு தொடங்கப்பட்ட நாளையும் நேரத்தையும் சப்-இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். ஒரு வேலை நாளின் மாலை. ஜெரோமைக் கேட்டேன்.

"காலேஜ் லைப்ரரில இருந்தேன்க்கா. ஆனா யாரு பாத்தாங்கன்னு சொல்றது? எல்லாரும் தலய குனிஞ்சி படிச்சிகிட்டு இருந்தோம்."

"காலேஜ் வைஃபைல இருந்தியா?"

"ஆமா."

"அதுல எப்படி உள்ள போவ? எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டா?"

"இல்லக்கா. என் ரோல் நம்பரும் நானே வெச்ச பாஸ்வேர்டும் போடணும்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். உங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னாம்மா ஆச்சு, சொல்லு" என்று என் கையைப் பிடித்து உலுக்கினீர்கள். அந்தக் கல்லூரியின் வைஃபை யார் உள்ளே வந்தார்கள், எந்தக் கட்டடத்தில் இருந்தார்கள், எப்போது போனார்கள் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகப் பதிந்து வைத்திருக்கும் என்று சொன்னேன். நீங்கள் சிலுவை போட்டுக்கொண்டீர்கள்.

திங்கட்கிழமை விசாரணைக்கு ஜெரோமோடு நானும் வந்தேன். நான் சொன்னதைக் கேட்டதும் சப்-இன்ஸ்பெக்டர் கல்லூரிக்கு மெயில் அனுப்பினார். பதில் வரும்வரை வீட்டில் உட்கார்ந்திருக்க உங்களால் முடியவில்லை. "போய் நேர்ல நிப்போம்" என்றீர்கள். திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் மூவரும் ஏறினோம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஊர்கள் கடந்துபோக, நீங்கள் கைக்குள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே வந்தீர்கள். வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் ஏறியபோது ஜெரோம் உங்கள் தோளில் தலை சாய்த்திருந்தான். அவ்வளவு உயரப் பையன்.

கம்ப்யூட்டர் சென்டர் பொறுப்பாளர் நம்மை உட்கார வைத்தார். பதிவை நமக்குக் காட்ட முடியாது, போலீசுக்குத்தான் அனுப்புவேன் என்றார். சரி என்றோம். ஏதோ தட்டினார், திரையைக் கீழே நகர்த்தினார், மறுபடி தட்டினார். ஏ.சி. ஓடிய அந்த அறையில் உங்கள் நெற்றி வேர்த்திருந்தது. அவர் நாற்காலியைத் திருப்பி உங்களைப் பார்த்தார்.

"போலீசுக்கு அனுப்பிட்டேம்மா. ஒங்க பையன் அன்னிக்கி சாயந்தரம் முழுக்க இங்கதான் இருந்தாரு. போனு, லேப்டாப்பு ரெண்டுமே லைப்ரரி மாடியிலதான் கனெக்ட் ஆயிருக்கு. லைப்ரரி வாசல்ல கார்டு காட்டுனதும் இருக்கு."

"இத்தன ஆயிரம் புள்ளைங்க நடுவுல என் புள்ள தனியா தெரியிறானா தம்பி?"

"ஆளுக்கு ஒரு சாவிம்மா. அதான் தெரியிது."

வெளியே வந்து மரத்தடியில் நின்றோம். ஜெரோம்தான் அழுதான். நீங்கள் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டு, "கவிதா, பசிக்குது" என்றீர்கள். சனிக்கிழமை மதியத்திலிருந்து நீங்கள் சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை. கீழ வீதிப் பக்கம் ஒரு சின்ன ஓட்டலில் இட்லியும் கொத்சுவும் சாப்பிட்டோம். கொத்சுவை இரண்டாம் முறை கேட்டு வாங்கி, இதில் கத்தரிக்காயைச் சுடாமல் வேகவைத்திருக்கிறார்கள் என்று குற்றமும் சொன்னீர்கள். நீங்கள் திரும்ப வந்துவிட்டீர்கள் என்று எனக்கு நிம்மதியானது.

அந்த ஆளும் பிடிபட்டான். சுகன்யாவைக் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லித் தொல்லை கொடுத்தவன், நம் சந்துக்காரன்கூட இல்லை. ஒரு மாலை உங்கள் சுவரோரம் பைக்கை நிறுத்தி, கேட்டில் இருந்த அட்டையைப் பார்த்து உள்ளே நுழைந்திருக்கிறான். கணக்கில் அவன் கொடுத்த ஏதோ ஒரு போன் நம்பர் அவனைக் காட்டிக் கொடுத்தது. ஜெரோமின் பொருட்கள் திரும்ப வந்தன. பரீட்சையும் எழுதினான்.

அதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். நீங்கள் சேலை மாற்றிக்கொண்டு வந்து, "வா, அந்தப் பொண்ணு வூட்டுக்குப் போலாம்" என்றீர்கள்.

"எதுக்குக்கா? தப்பு ஒங்களுது இல்லயே."

"தப்பு என்னுது இல்ல. கதவு என்னுது."

சுகன்யா பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். உள் அறையிலிருந்து அவளை அவள் அம்மா அழைத்து வந்தார். நீங்கள் நின்றுகொண்டே பேசினீர்கள். "என் வூட்டு வழியா வந்து ஒன்ன அசிங்கப்படுத்திட்டான் ஒரு பாவி. ஒன் மூஞ்ச பாத்துச் சொல்லணும்னு வந்தேன்மா."

அவள் தரையில் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள். "எத்தனயோ பேரு வந்தாங்க ஆன்ட்டி. எல்லாரும் நான் இன்னா பண்ணேன்னு கேட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் கேக்கல." சொல்லும்போதே அழுதாள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டீர்கள். அழுது முடிக்கும்வரை சும்மா இருந்தீர்கள். அப்புறம் அவள் ரவிக்கையின் கையைப் பார்த்து, "இத யாரு தெச்சது? இப்படி இழுத்துகினு நிக்குது. நாளைக்கி கொண்டாந்து குடு, பிரிச்சித் தரேன்" என்றீர்கள். கண்ணீரோடு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் அம்மா அன்று நமக்கு டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை ஜாஸ்தி என்று வெளியே வந்து சொன்னீர்கள்.

துபாயிலிருந்து மகன் கண்டிப்பாகச் சொன்னார். பாஸ்வேர்டை மாற்று, இனி யாருக்கும் கொடுக்காதே. "சரிப்பா" என்று போனை வைத்துவிட்டு நீங்கள் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. "அந்தக் காலேஜ்ல மாதிரி நம்ம தெருவுல செய்ய முடியாதா?"

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். பழகிப் பார்க்க நான் வாங்கி வைத்திருந்த ஒரு வைஃபை பெட்டி மாடியில் இருந்தது. ஒரே பெயரில் இயங்கும், ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி பாஸ்வேர்டு கொடுக்கும். எந்தச் சாவியில் எப்போது வந்தார்கள் என்று குறித்துக்கொள்ளும். ஒருவர் போனிலிருந்து இன்னொருவர் போனை எட்டிப் பார்க்க விடாது. உங்கள் வீட்டு வைஃபையைத் தெருவின் வைஃபையிலிருந்து பிரித்தேன். ரௌட்டரின் உள் பாஸ்வேர்டை மாற்றினேன், பழைய மென்பொருளைப் புதுப்பித்தேன். பாஸ்வேர்டே இல்லாமல், அமுக்கினாலே ஆளைச் சேர்த்துக்கொள்ளும் ஒரு பொத்தான் அதன் முதுகில் இருந்தது. அதையும் அணைத்தேன். "இத எதுக்கு வெச்சான்?" என்று கேட்டீர்கள். சுலபமாக இருக்கட்டும் என்று வைத்தது, அதுவே ஆபத்து என்றேன். "கேட்டுக்குப் பூட்டு போட்டுட்டு சுவத்துல ஓட்ட வெச்சாப்ல" என்று தலையில் அடித்துக்கொண்டீர்கள்.

பிறகு வீடு வீடாகப் போனோம். அந்த ஞாயிற்றுக்கிழமை மாதிரி நான் சிரித்த நாள் குறைவு. எல்லாரும் போன் நம்பரையோ பிள்ளை பிறந்த தேதியையோதான் பாஸ்வேர்டாக வைக்கச் சொன்னார்கள். சாமி பெயர் சொன்னவர்களை நீங்களே மடக்கினீர்கள். "மாதா பேரு, முருகன் பேரெல்லாம் திருடனுக்கும் தெரியும். வேற சொல்லு." சம்பந்தமில்லாத நான்கு சொற்களைச் சேர்த்துச் சொல்லச் சொன்னேன். மீன் விற்கும் வீட்டில் ஒரு பாஸ்வேர்டு பிறந்தது பாருங்கள், வஞ்சிரமும் குக்கரும் தாலுக்கா ஆபீசும் கலந்து. அதை இப்போதும் என்னால் நினைத்துச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. (கவலைப்படாதீர்கள், மாற்றிவிட்டோம்.) முதலில் தயங்கினார்கள்தான். சுகன்யா ரவிக்கை வாங்க வந்தவள், எல்லார் முன்னாலும் "எனக்கும் ஒரு சாவி குடுங்க" என்று கேட்டாள். அதற்குப் பிறகு ஒருவரும் தயங்கவில்லை. மறுவாரம் பாதாம் மரத்தடியில் பாய் விரிந்தது.

ஜெரோமின் பட்டமளிப்புக்குச் சிதம்பரம் போய் லாட்ஜில் தங்கினோமே, அதுவும் நினைவுக்கு வருகிறது. அறைக்குள் போனதும் போனைத் திறந்தீர்கள். லாட்ஜின் பெயரில் இரண்டு வைஃபை காட்டியது. நான் பையை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் கீழே ரிசப்ஷனில் நின்றுகொண்டிருந்தீர்கள்.

"தம்பி, ஒரே பேர்ல ரெண்டு இருக்குது. எது ஒங்களுது?"

"ரெண்டும் வரும்மா, எதுல வேணும்னாலும் போட்டுக்குங்க."

"அது எப்படி? அசல் மாதிரியே பேர வெச்சி வாசல்ல எவனாவது உக்காந்திருந்தா? நான் பேங்க் விஷயம் பாத்தா அவன் கைக்குத்தானே போவும்?"

அந்த ஆள் முதலாளியைக் கூப்பிட்டார். முதலாளி மேல் மாடிக்கு ஓடினார். இரண்டாவது, மாடிக்கு அலை எட்டவில்லை என்று அவர்களே வைத்த இன்னொரு பெட்டிதான் என்று தெரிந்தது. "கேட்டது தப்பா?" என்று என்னைக் கேட்டீர்கள். தப்பே இல்லை, எங்கள் ஆபீசிலேயே பாதிப் பேர் கேட்க மாட்டார்கள் என்றேன். அன்று முழுக்க உங்களுக்கு நடையே மாறிவிட்டது. மகன் பட்டம் வாங்கியதைவிட இதைத்தான் துபாய்க்கு முதலில் சொன்னீர்கள்.

போன மழைக்காலத்தில் உங்கள் நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரியில் சில நாட்கள் இருந்தீர்கள். பேசிக்கொண்டே இருந்தீர்கள், நர்சுகளின் சீருடைத் தையலைத் திருத்தச் சொன்னீர்கள். பிறகு ஒரு விடியலில் போய்விட்டீர்கள். அடக்கத்துக்குச் சந்தே வந்தது. முப்பதாம் நாள் பூசை முடிந்து ஜெரோம் என்னிடம், "அக்கா, லைன கட் பண்ணிடட்டுமா?" என்று கேட்டபோது, பக்கத்தில் நின்ற சுகன்யாதான் பதில் சொன்னாள், வேண்டாம் என்று. இப்போது இணைப்பைத் தெருவே சேர்ந்து நடத்துகிறது. பெட்டி என் மாடியில் இருக்கிறது.

என் வேலை அப்படியேதான் இருக்கிறது அக்கா. ஆனால் ஆபீஸ் கூட்டத்தில் யாராவது "எல்லாத்தையும் மூடிடலாம்" என்று சொன்னால் என் வாய் சும்மா இருப்பதில்லை. யாருக்கு வேண்டும், அவர்களுக்கு எப்படிக் கொடுப்பது என்று கேட்டுவிடுகிறேன். மூடுவது எளிது. கொடுத்துக்கொண்டே காப்பது கொஞ்சம் வேலை. அந்த வேலையை நான் விரும்பிச் செய்கிறேன் என்பது உங்களால்தான் எனக்குத் தெரிந்தது.

கீழ் வீட்டுக்குப் பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு நர்சம்மா குடிவரப் போகிறார். போன வாரம் வீட்டைப் பார்க்க வந்தபோது வைஃபை உண்டா என்று கேட்டார். உண்டு, பெயர் சொல்லுங்கள், தனியாக ஒன்று போட்டுத் தருகிறேன் என்று போனை எடுத்தேன். அவர் முகம் சுருங்கியது.

"பேரு எதுக்கு? நான் இன்னா பாக்கறேன்னு பாப்பீங்களா?"

"அத பாக்க மாட்டேன், பாக்கவும் முடியாது. நாளைக்கி யாராவது ஒங்க மேல பழி போட்டா, இவுங்க இல்லன்னு சொல்றதுக்கு எனக்கு ஏதாவது வேணும்ல?"

யோசிக்காமல் வந்த பதில். சொன்ன பிறகுதான், என் குரலில் நீங்கள் பேசியது போல எனக்கே கேட்டது. அவர் கைப்பையைத் திண்டின் மேல் வைத்துவிட்டு என் போனை எட்டிப் பார்த்தார்.

"அப்ப என் பேர சரியா போடுங்க. நஸ்ரின் இல்ல, நஸ்ரீன். நீட்டிப் போடணும்."

நீட்டிப் போட்டேன் அக்கா.

கவிதா